எந்தப் புருவம்

ஒரு கோடுதான். ஊசியைத் தகட்டின் இந்த மூலையில் வைத்து அந்த மூலைக்கு இழுத்துவிட்டால் வேலை தீர்ந்தது. தேவசகாயம் சார் காலையில் வந்தபோதும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார், பால் பாக்கெட்டின் முனையை வெட்டச் சொல்கிறவர் மாதிரி அவ்வளவு சாதாரணமாக. சுடர்க்கொடி தலையாட்டினாள். தலையாட்ட அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும், இந்தக் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். தலையாட்டிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தாள். எடுத்த ஊசி எடுத்தபடியே இருக்கிறது. அப்போது மேசைமேல் கிடந்த வெயில் இப்போது கீழே இறங்கி ஸ்டூல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அச்சு ஓவியம் படிக்கிறவர்களுக்கு இது ஒரு வழக்கம். ஒரு தகட்டில் இத்தனை படம்தான் எடுப்பேன் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அத்தனையும் எடுத்து முடித்ததும், கீறி உண்டாக்கின அதே கையால் தகட்டைக் குறுக்கே கீறி அழித்துவிட வேண்டும், பின்னால் ஆசைப்பட்டு இன்னொரு படம் எடுத்துவிடாதபடிக்கு. கீறின தகட்டை ஒரே ஒரு முறை மை தடவி அச்சுப்போட்டு, அந்தப் படத்தையும் வரிசையின் கடைசியில் மாட்ட வேண்டும். அதை மாட்டினால்தான் எடிஷன் முடிந்தது என்று சார் கையெழுத்துப் போடுவார். அவர் போட்டால்தான் எம்.எஃப்.ஏ. முடிந்தது. வெளியூர் எக்ஸாமினர் வந்தாயிற்று, கீழே பெயிண்டிங் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சாப்பிட்டுவிட்டு மாடி ஏறுவார். கூடப் படிக்கிற ரோஸ்லின் தன் தகட்டை முந்தாநாளே முறுக்குத் தின்றுகொண்டே கீறினாள், கீறிவிட்டுத் தகட்டோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன. அவள் தகட்டில் இருந்தது காசிமேட்டு மீன் மார்க்கெட். சுடர்க்கொடியின் தகட்டில் இருக்கிறவர் அவள் அப்பா.

கண்டக்டர் குருசாமி. கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் ஓடின ஒரு தனியார் பஸ்ஸில் விசில் ஊதினவர். அவள் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தகட்டில் அவருக்குக் கை வைத்த பனியன், கழுத்தில் கயிறு, கயிற்றில் விசில், கத்தரித்த மீசை. ஒரு புருவத்தில் நடுவே முடி முளைக்காமல் போன ஒரு வெட்டு. பஸ் சடன் பிரேக் போட்டதில் கம்பியில் இடித்து வந்த தழும்பு. அந்தத் தழும்புதான் பிரச்சினை. அச்சில் எல்லாம் திரும்பி விழும், பாருங்கள், தகட்டில் இந்தப் பக்கம் கீறினது தாளில் அந்தப் பக்கம் வரும். ஒரு ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்த குழந்தைக்குக்கூட இது தெரியும். அதனால்தான் முதலில் தாளில் வரைந்து, தாளைக் கவிழ்த்துப் போட்டு, கவிழ்ந்த கோட்டைத் தகட்டில் எடுப்பார்கள். முதல் வருஷத்தில் யாராவது ஒருத்தர் கவிழ்க்க மறந்துபோய், டீக்கடைப் போர்டின் எழுத்தெல்லாம் புறமுதுகு காட்டிக்கொண்டு நிற்கும், துறையே சிரிக்கும். சுடர்க்கொடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். அப்படிச் சிரித்தவள் கடைசி வருஷத்தில், அப்பாவை வரைகிறபோது, தாளே எடுக்கவில்லை. கண்ணை மூடினாள், முகம் தெரிந்தது, தெரிந்ததைத் துத்தநாகத் தகட்டில் நேரே கீறிவிட்டாள். ஆசிட்டில் ஊறப்போட்டு, கழுவி, மை ஏற்றி, துடைத்து, ஈரத்தாளை விரித்து, கம்பளியை மூடி, பிரஸ்ஸின் சக்கரத்தை இழுத்து, அந்தப் பக்கம் போய்த் தாளை உரித்துத் தூக்கினால், வேறு யாரோ. அப்பாவின் மீசை, அப்பாவின் விசில், ஆனால் அப்பா இல்லை. தழும்பு புருவம் மாறிப் போயிருந்தது. தகட்டைப் பார்த்தாள், அப்பா. தாளைப் பார்த்தாள், யாரோ. சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். சார் தாளைக் கைக்கு எட்டின தூரத்தில் பிடித்துப் பார்த்து, முகம் நல்லா வந்திருக்கும்மா, இடம் வலத்தை யாரு பாக்கப்போறா என்றார். அவளும் தலையாட்டிவிட்டு வந்து எடிஷன் முழுவதையும் அச்சுப்போட்டாள். ஒவ்வொரு தாளாக உரிக்க உரிக்க அந்த யாரோ ஒருவர் பெருகிக்கொண்டே போனார். இப்போது சுவர் முழுக்க அவர்தான், வரிசையாக, எல்லாரும் ஒரே ஆள், அவளைத் தெரியாத ஆள். அப்பா என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த ஒரு தகடு. அதைத்தான் கீறச் சொல்கிறார்கள்.

சரி, கீறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊசியை மூலையில் வைத்தாள். வைத்த இடத்திலிருந்து கண்ணாலேயே ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். அது தோள்பட்டை வழியாக ஏறி, தாடையைக் கடந்து, மூக்கைத் தாண்டி, நேரே அந்தப் புருவத்துக்குத்தான் போகிறது. இன்னொரு மூலையிலிருந்து இழுத்தால் தழும்பில்லாத புருவம் வழியாக வரும். அப்படிப் போட்டால் பரவாயில்லையா? எது பரவாயில்லை? தழும்பு நிஜத்தில் எந்தப் புருவத்தில்தான் இருந்தது? தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தகட்டில் இருக்கிற பக்கம்தான், சந்தேகமே இல்லை. அதாவது, எனக்கு எதிரே அவர் நின்றால் என் வலது கைப் பக்கம். அப்படியானால் அவருக்கு அது இடது. இடதா? எதிரே ஆள் இருக்கிற மாதிரி ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக் கையை நீட்டிப் பார்த்தாள். என் வலது, அவர் இடது. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எதிரே நின்று நான் எப்போது பார்த்தேன்? முதல் டிரிப்புக்கு விடியுமுன்னே எழுந்து குளிக்கிறவர், கடைசி டிரிப் முடிந்து வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். லீவு நாளில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். திருவிழா என்றால் ஸ்பெஷல் பஸ். அவள் அவரைப் பார்த்ததெல்லாம் காலையில் அவர் சவரம் பண்ணும்போதுதான். புறவாசல் சுவரில் ஆணியடித்து மாட்டின கண்ணாடி, அதற்கு எதிரே அவர், அவருக்குப் பின்னால் துவைகல்மேல் ஏறி நின்று பல் விளக்கிக்கொண்டு அவள். துவைகல்மேல் நின்றால்தான் அவர் தோளுக்கு மேலே அவள் முகமும் கண்ணாடியில் தெரியும். அவர் முகத்தில் சோப்பு நுரை, அவள் வாயில் பல்பொடி நுரை. பள்ளிக்கூடத்தில் என்ன சங்கதி என்று கேட்பார், பதிலுக்கு நுரை தெறிக்கும். கன்னத்தைக் கையால் இழுத்துப் பிடித்துக் காதோரத்திலிருந்து மோவாய் வரை ஒரே இழுப்பு. தினமும் எங்கேயாவது வெட்டிக்கொள்வார், அவசரம். வெட்டின இடத்தில் பையில் கிடக்கிற டிக்கெட்டில் ஒரு முனையைக் கிழித்து ஒட்டிக்கொள்வார். அது சிவந்து ஊறும். அவள் பயந்து பார்ப்பாள். சித்த நேரத்துல நின்னுரும் என்பார். ஒட்டின துண்டோடு அப்படியே டூட்டிக்கும் போய்விடுவார். விளாத்திகுளம் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் வாங்குவார்களாம் ஜனங்கள்.

அது கிடக்கட்டும், புருவத்துக்கு வா. கம்பியில் இடித்தது எப்படி? ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது, டிரைவர் அண்ணாச்சி மிதித்தார், இவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆட்களைப் பார்த்து நின்றிருந்தால் பின்மண்டையில் அல்லவா அடிபட்டிருக்கும், அதனால் அந்தப் பக்கம் இல்லை. டிரைவரிடம் பேசத் திரும்பியிருந்தால் இடது பக்கம் முன்னால் வரும், இடது புருவம். வாசல்படியைப் பார்த்துத் திரும்பியிருந்தால் வலது பக்கம் முன்னால் வரும், வலது புருவம். எந்தப் பக்கம் திரும்பியிருந்தார்? ஆட்டுக்குட்டிக்குத்தான் தெரியும். சுடர்க்கொடி எழுந்து நின்று பிரஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் சாய்ந்து பார்த்தாள். ரோஸ்லின் எட்டிப் பார்த்து, என்னடி பஸ் ஓட்றியா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒத்தடம் ஞாபகம் வந்தது. அடிபட்ட அன்று ராத்திரி அம்மா தவிட்டைச் சூடு பண்ணித் துணியில் கட்டி ஒத்திக்கொண்டிருந்தாள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு வலது கைப் பழக்கம். எதிரே உட்கார்ந்து ஒத்தினால் அவர் இடது. பார், இடதுதான், தகடுதான் சரி. ஆனால் அம்மா எதிரே உட்கார்ந்தா ஒத்தினாள், பின்னால் நின்று தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டல்லவா ஒத்தினாள்? பின்னால் நின்றால் வலது கைக்கு வலது புருவம். பின்னால்தானா? சேலைத் தலைப்பு அவர் நெற்றியில் விழுந்தது, அதை அவர் தள்ளினார், அந்த மட்டுக்கும் ஞாபகம் இருக்கிறது. அவர் எந்தக் கையால் தள்ளினார் என்று போனால் இன்னும் மோசம். போட்டோ பார்க்கலாம் என்றால் அதுவும் கிடையாது. கல்யாணப் போட்டோ எடுத்தபோது தழும்பே வரவில்லை. கண்டக்டர் லைசென்ஸ் போட்டோ அதற்கும் முந்தியது. கடைசியாக எடுத்த ஒன்றைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறது. பெரிதாக்கின ஸ்டுடியோக்காரர், செத்துப்போன மனுஷன் முகத்தில் இது எதற்கு என்று புருவத்தை அழகாக நிரப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா அப்போது அழுகிற மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை. பனியன் போடாமல் சட்டை போட்டு வரைந்திருந்தாலாவது பாக்கெட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம். விசிலுக்கு ஏது இடமும் வலமும், நெஞ்சுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கேட்டால் தீர்ந்தது. அம்மா எங்கேயோ இல்லை, கீழே வேப்பமரத்தடி பெஞ்சில்தான் இருக்கிறாள். நேற்று ரயிலேறி இன்று காலை எழும்பூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கிறாள், மடியில் புளியோதரைத் தூக்குவாளியோடு. மகள் படிப்பு முடிக்கிறாள் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பட்டமளிப்பு விழா என்று நினைத்துக்கொண்டுவிட்டாள் போல, மேடை எங்கே என்று கேட்டாள். மேடை இல்லம்மா, சுவர்ல படம் மாட்டிருப்பேன், ஒருத்தர் வந்து பாப்பாரு என்றதற்கு, பொண்ணு பாக்க வர்ற மாதிரி என்றாள். என்ன படம் என்று சுடர்க்கொடி சொல்லவில்லை. அம்மா வருஷம் பூராவும் போனில் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள், என்னதான் வரையிற புள்ள என்று. மரம் மட்டை என்று இவள் சொல்லி வைத்திருக்கிறாள். அம்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, இது உங்கப்பா இல்லையே என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு சொல்லுக்குத்தான் பயம். எக்ஸாமினர் சொன்னால் மார்க் குறையும், அவ்வளவுதான். அம்மா சொல்லிவிட்டால் இந்தச் சுவர் முழுக்கப் பொய்யாகிவிடும், இரண்டு வருஷமும் பொய்யாகிவிடும். டிராயிங் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, முப்பது வயதுக்குமேல் போய் ஹாஸ்டலில் பிள்ளைகளோடு பிள்ளையாகப் படுத்து, வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் படிப்பு முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் பெற்ற தகப்பனின் புருவம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்காமல் இருக்கிற வரைக்கும் இரண்டு அப்பாவும் இருப்பார்கள். கேட்டால் ஒருவர் போய்விடுவார். எந்த ஒருவர்?

ஆசிட் வாடை மூக்கின் உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. இந்த வாடை இல்லாத ஊருக்கு நாளைக்கழித்துப் போக வேண்டும். போய் என்ன செய்ய? அங்கே பிரஸ் உண்டா, பிரஸ் இல்லாவிட்டால் தகடு எதற்கு, தகடு இல்லாவிட்டால் நான் என்ன? எம்.எஃப்.ஏ. முடிச்சா என்ன வேல கிடைக்கும் என்று மாமா கேட்பார். சொல்லத் தெரியாது. முடிக்காமல் இருந்தாலாவது, முடிக்கவில்லை அதனால் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். அப்படியானால் நான் கீறாமல் இருப்பது அப்பாவுக்காகவா, எனக்காகவா? இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே ஒரு சந்தேகம் வந்தது. தொட்டியில் தாள் ஊறிக்கொண்டிருக்கிறது, கீறின படத்துக்கான தாள், ரொம்ப ஊறினால் கூழாகிவிடும். ஊசியைப் பிடித்த விரல் மரத்துப் போயிருக்கிறது. ஜன்னலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து தலையை ஒருக்களித்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது, பிறகு திரும்பி இன்னொரு கண்ணால் பார்த்தது. இரண்டு கண்ணுக்கும் ஒரே ஆளாகத்தான் தெரிந்தேனா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. சுவரைப் பார்த்தாள். சுவரில் இருந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. குனிந்து தகட்டைப் பார்த்தாள். தகட்டில் இருந்தவர் அவளைப் பார்த்து, என்ன சங்கதி என்று கேட்கிற மாதிரிதான் இருந்தார். இவர்தான். இவர் இல்லாமல் யார்? சுவரில் இருக்கிறவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லையே.

வாசலில் பட்டுச்சேலை சரசரத்தது. புளியோதர ஆறிப்போச்சு என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா பேச்சியம்மா உள்ளே வந்தாள், தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு. யாரோ ஒரு பிள்ளை மாடியைக் காட்டிவிட்டதாம், கீழ எம்புட்டு நேரம்தான் காக்காயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க என்றாள். சுடர்க்கொடிக்கு எழுந்து வழியை மறிக்க வேண்டும் போல இருந்தது, அதற்குள் அம்மா சுவரைப் பார்த்துவிட்டாள். அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாள். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அவள் பார்வை மெதுவாக நகர்ந்தது. தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தாள். முதல் படத்துக்கு முன்னால் போய் நின்றாள், மூக்கு இடிக்கிற தூரத்தில். இப்போது சொல்லப்போகிறாள், இதோ, இப்போது. அம்மா கையைத் தூக்கி, கட்டைவிரலால் படத்தில் இருந்த தழும்பைத் தொட்டாள். நிஜமாகவே தொட்டாள், கண்காட்சிப் படத்தைத் தொடக்கூடாது என்றெல்லாம் அவளுக்கு யார் சொன்னது. தொட்டு, தழும்பின் நீளத்துக்கு விரலை ஓட்டினாள்.

"தீவாளிக்கு எண்ணெ தேச்சு விடையில இந்த எடத்துல மட்டும் வெரல் வழுக்கிட்டுப் போகும்" என்றாள். தன்னிடமே சொல்லிக்கொள்கிற குரல். பிறகு வரிசையைத் திரும்ப ஒரு தரம் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "எதுக்குட்டி இத்தனை பேர மாட்டிருக்க, ஓட்டுக் கேக்குற மாதிரி."

சுடர்க்கொடிக்குக் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. அப்பா மாதிரி இருக்கா என்று கேட்டாள், கேட்டது தன் குரலா என்றுகூடத் தெரியவில்லை. அம்மா திரும்பி, இதென்ன கேள்வி என்கிற மாதிரி பார்த்தாள். மாதிரி என்ன மாதிரி, அவர்தானே என்றாள். அந்தப் புருவம்தானா, நிச்சயமா அந்தப் புருவமா என்று இவள் மறுபடி கேட்க, பேச்சியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மனுஷன் கூட இத்தனை வருஷம் எதிர எதிர உக்காந்து சோறு தின்னவ நானு, எனக்குப் பாடம் நடத்துதியா என்றாள். அந்தக் கோபத்தோடேயே மேசைப் பக்கம் வந்தவள் தகட்டைக் கண்டுவிட்டாள். குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"இது ஆரு?"

"அப்பாதாம்மா."

"போ புள்ள. அவரு தம்பியப் போல இருக்கு. அவருக்குத்தான் தம்பியே கெடயாதே."

சொல்லிவிட்டு, புளியோதரைக்குத் தட்டு தேடிக்கொண்டு பேச்சியம்மா அலமாரிப் பக்கம் போய்விட்டாள். சுடர்க்கொடி தகட்டைக் கையில் தூக்கினாள். அப்படியானால் என்ன, அம்மாவுக்குச் சுவரில் இருக்கிறவர் அப்பா, எனக்கு இது அப்பா, இரண்டு பேரில் ஒருத்திக்குக் கண் கெட்டுப்போயிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் சாய்த்தாள், வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்கலாம் என்று. நேற்றுத் துடைத்து வைத்த துத்தநாகம் பளபளவென்று இருந்தது, கோடு இல்லாத இடமெல்லாம் கண்ணாடி. அப்பாவின் தோளுக்கு மேலே, கொஞ்சம் பின்னால், மங்கலாக இன்னொரு முகம் தெரிந்தது. அவள் முகம். துவைகல்மேல் ஏறி நின்ற மாதிரி. ஒரு கணம் வாயில் உப்பும் வேப்பம்பொடியும் கலந்த ருசி வந்தது, வாயைத் துடைத்துக்கொள்ளக் கை போனது. கை அப்படியே நின்றது. கண்ணாடி. நான் கண்ணாடியில் அல்லவா பார்த்தேன். எதிரே ஒரு நாளும் பார்க்கவில்லை, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணாடியில் அல்லவா பார்த்தேன். புருவம் மாறினது தாளில் இல்லை, எனக்குள்ளேயே மாறித்தான் இருந்திருக்கிறது, துவைகல்மேல் நின்ற நாளிலிருந்தே. மாறி இருந்ததை மாறினபடியே தகட்டில் கீறிவிட்டேன், பிரஸ் அதைத் திருப்பி நேராக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டது. அப்படியானால் தகட்டில் இருக்கிறவர் யார்? அவரும் அவர்தான். இந்த முகத்தை அம்மா பார்த்ததில்லை, பஸ்ஸில் ஏறின ஜனம் பார்த்ததில்லை. அவர் பார்த்திருக்கிறார், தினமும் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு. கூட நான் பார்த்திருக்கிறேன். இது புரிந்ததா, இன்னும் கொஞ்சம் குழம்பினதா என்று அவளுக்கே தெரியவில்லை. இடமும் வலமும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன, சுற்றினபடியே மெல்லத் தணிந்தன. எந்தப் புருவம் என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் போய்விடுவார் என்று பயந்தாளே, இரண்டு பேரும் இருக்கிறார்கள், ஒருவர் சுவரில் எல்லாருக்குமாக, ஒருவர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டு. கிளம்புகிறவரை எவ்வளவு நேரம்தான் பிடித்து வைக்க முடியும், முதல் டிரிப் போக வேண்டாமா.

தகட்டை மேசையில் வைத்து இடது கையால் அழுத்திப் பிடித்தாள். மூலையில் வைக்கவில்லை. காதோரத்தில், கிருதா முடிகிற இடத்தில் ஊசியை வைத்து, கன்னத்தின் வழியாக மோவாய்க்கு ஒரே இழுப்பு. உலோகம் கிர்ரென்று கத்தியது. கோட்டின் இரண்டு கரையிலும் துத்தநாகம் மயிர் மயிராகச் சுருண்டு நின்றது, அதை அவள் ஊதவில்லை. மோவாயைத் தாண்டிக் கழுத்து வழியாகத் தகட்டின் விளிம்பு வரை கோட்டைக் கொண்டுபோய் விட்டாள். பிறகு மை, பிறகு துடைக்கிற வலைத்துணி, பிறகு தொட்டியிலிருந்து தாள், இன்னும் கூழாகவில்லை. சக்கரத்தை இழுக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்று, மாவு மில்லு மாதிரில்ல இருக்கு என்று அதிசயப்பட்டாள். கம்பளியை விலக்கி, தாளை உரித்துத் தூக்கி, வரிசையின் கடைசியில் ஈரத்தோடேயே குத்தி மாட்டினாள். கன்னத்தில் அந்தக் கோடு மற்றக் கோடுகளைப் போல ஒல்லியாக இல்லை. சுருண்டு நின்ற கரையெல்லாம் மையைக் குடித்திருந்தது, கறுத்துக் கசிந்து, மோவாயில் வந்து ஒரு சொட்டாகக் கட்டியிருந்தது. பேச்சியம்மா அதைப் பார்த்தாள். அழுவாள் என்று சுடர்க்கொடி நினைத்தாள். எதற்காகத் தன் புருஷன் முகத்தைக் கீறினாய் என்று கேட்பாள் என்று நினைத்தாள், பதிலைக்கூடத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் வெட்டிக்கிட்டாராக்கும்" என்றாள் பேச்சியம்மா.

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். காலையில் எழும்பூரில் ஏறின பஸ்ஸின் டிக்கெட் சுருண்டு கிடந்தது. ஒரு முனையை நகத்தால் கிழித்து, படத்தின் மோவாயில், அந்தச் சொட்டுக்கு மேலே வைத்து விரலால் அமுக்கினாள். மை ஈரம், பசையே வேண்டியிருக்கவில்லை. துண்டுத்தாள் மெல்லக் கறுத்து ஊறியது. படியில் பேச்சுக்குரல் கேட்டது. தேவசகாயம் சாரும் எக்ஸாமினரும் ஏறி வந்துவிட்டார்கள், எக்ஸாமினர் இன்னும் பல் குத்திக்கொண்டிருந்தார். சார் கண்ணுக்கு முதலில் பட்டது அந்தத் துண்டுத்தாள்தான். கோடு மூலைக்கு மூலை போகவில்லை என்பது அப்புறம்தான் பட்டிருக்கும். நெற்றியைச் சுருக்கி, எக்ஸாமினருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அது என்னம்மா குப்ப ஒட்டிக்கிட்டிருக்கு, எடுத்துடு."

சுடர்க்கொடி தலையாட்டவில்லை.

"சித்த நேரம் இருக்கட்டும் சார்" என்றாள். "நின்னுரும்."